வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து

"அம்மா, கம்ப்யூட்டர்ல எழுதற எடத்துக்கு இருட்டு வைக்கறதா, வெளிச்சம் வைக்கறதா?"

கேட்டவர் மாசிலாமணி. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று மடத்தில் வந்து சேர்ந்தவர். வயது அறுபத்திரண்டு. குரு சிவகாமிக்கு இன்னும் நாற்பது முடியவில்லை.

மூன்று வருடமாக மாசிலாமணி தீட்சை கேட்டுக்கொண்டிருந்தார். இங்கே வந்து என்ன கண்டீர்கள் என்று பத்துப் பக்கம் எழுதி வாருங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று குரு சொல்லியிருந்தார்.

அன்று பிடித்தது சனி. ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக நிறம் வைக்கலாம் என்று மனிதர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். அஞ்சலுக்கு இருட்டு. அகராதிக்கு வெளிச்சம். நாட்காட்டிக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. எழுதும் செயலியில் மட்டும் மனம் ஒரு நிலைக்கு வரவில்லை.

குரு கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார்.

அப்படியென்றால் இருட்டா, வெளிச்சமா? தலையைச் சொறிந்துகொண்டே போனார் மாசிலாமணி. முதலில் மூடினார் அல்லவா, இருட்டுதான் என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். கறுப்புத் திரையில் பளிச்சென்று தெரியட்டும் என்று எழுத்துக்கும் கையோடு வெள்ளை நிறம் கொடுத்தார்.

பத்து நாளில் பத்துப் பக்கம் எழுதி முடித்தார். பதினோராம் நாள், குருவின் அறையில் இருந்த பிரிண்டரிலிருந்து பத்துத் தாள்கள் வந்து விழுந்தன. ஒன்றிலும் ஓர் எழுத்து இல்லை.

மாசிலாமணி குனிந்து பிரிண்டருக்குள் எட்டிப் பார்த்தார்.

குரு தாள்களை எடுத்து ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தார். மூன்றாம் பக்கத்தில் சற்று நின்றார். பிறகு அடுத்ததைப் புரட்டினார். கேலி செய்கிறாரா, நிஜமாகவே படிக்கிறாரா என்று இவருக்குப் பிடிபடவில்லை.

"எழுத்து இருக்கும்மா. வெள்ளையா இருக்கு. சுத்தி இருட்டா இருந்தாத்தான் தெரியும்."

குரு எழுந்து ஜன்னலைச் சாத்தினார். கதவையும் சாத்தினார். நட்டநடுப் பகலில் அறை கும்மிருட்டானது. தாள்கள் மாசிலாமணியின் கைக்கு வந்தன.

"இப்ப படிங்க ஐயா."

அவர் ஞாபகத்தில் துழாவினார். பத்துப் பக்கத்தில் ஒரு வரிகூட வரவில்லை. எந்தச் செயலிக்கு என்ன நிறம் என்பது மட்டும் வரிசை தப்பாமல் வந்தது. அவமானத்தில் அழுகை முட்டியது.

"ஒண்ணும் தெரியலம்மா. மூணு வருஷமாவே எனக்கு ஒண்ணும் புரியல."

இருட்டுக்குள்ளிருந்து குருவின் குரல் வந்தது.

"நாளைக்குக் காலையில குளிச்சிட்டு வாங்க. தீட்சை குடுக்கறேன்."