படகுத்துறையில் வளர்ந்த பூந்தூவி

கார்த்திகை மாதத்தில் ஓர் ஏரியில் வரித்தலை வாத்துக் கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. அதில் வரியன், அவன் மனைவி செங்காலி, மகள் பூந்தூவி என்று ஒரு குடும்பமும் இருந்தது. வடக்கே பனிமலைக்கு அந்தப் பக்கம்தான் அவர்களுடைய ஊர். குளிர்காலத்தை இந்த ஏரியில் கழித்துவிட்டு, பங்குனியில் மறுபடி மலையைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

அந்த மலையைத் தாண்டுவது விளையாட்டுக் காரியமில்லை. மேலே போகப் போக மூச்சுவிடக் காற்றே கிடைக்காது. போன பங்குனியில் வரியனின் மூத்த மகன் பாதி வழியில் சிறகு ஓய்ந்து விழுந்து செத்துப்போனான். "பையன் ரொம்ப மெலிஞ்சிருந்தான், அதான்" என்று யாரோ சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தை வரியன் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. அதன்பின் பிறந்தவள் பூந்தூவி. இவளையாவது கொழுகொழுவென்று வளர்த்து, பத்திரமாக ஊர் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்தான்.

ஏரியில் வாத்துகளுக்கு இரண்டே வேலைதான். காலையில் கரைப்புல்லை மேய வேண்டும். வெயில் ஏறியதும் குளித்துவிட்டு, வாலடியில் ஊறும் எண்ணெயை அலகால் எடுத்து இறகு இறகாகத் தடவிக் கோத வேண்டும். அந்த எண்ணெய் இருந்தால்தான் இறகில் தண்ணீர் ஒட்டாது. சலிப்பான வேலைதான். ஆனால் ஒருநாளும் விடக்கூடாத வேலை.

ஏரியின் தென்கரையில் ஒரு படகுத்துறை இருந்தது. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அங்கே பன்னும் பொரியும் மிக்சரும் வீசுவார்கள். ஒருநாள் வரியன் மகளை அங்கே கூட்டிப்போனான். பன்னை ஒரு வாய் தின்றதும் பூந்தூவிக்குக் கண் விரிந்துவிட்டது. நாளெல்லாம் புல்லை மேய்ந்தாலும் அந்த ருசி வருமா? மறுநாளிலிருந்து பொழுது விடிந்தால் படகுத்துறைதான். வரியன் முண்டியடித்துப் பொறுக்கி வந்து மகளுக்கே ஊட்டினான். தான் மட்டும் எப்போதும்போல் புல்லை மேய்ந்தான். அவள் மலையைத் தாண்டி வந்ததே புல் தின்ற உடம்போடுதான் என்பது அந்தப் பாசக்கார அப்பனுக்கு உறைக்கவே இல்லை.

வயிறு முட்டத் தின்றவளுக்குத் தூக்கம் சொக்கும். அம்மா இறகு கோதக் கூப்பிட்டால் சிணுங்குவாள். குழந்தை தூங்கட்டும், நாளைக்குக் கோதிக்கொள்ளலாம் என்று வரியன் பரிந்து பேசுவான். அந்த நாளை வரவே இல்லை.

படகுத்துறையில் ஒரு நாமக்கோழி இருந்தாள், நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட கறுப்பு நீர்ப்பறவை. வருஷம் முழுக்கப் பொரி தின்று உருண்டு கிடப்பவள். வாய்த்துடுக்கு வேறு அதிகம். அவளுக்கே பொறுக்கவில்லை.

"அண்ணே, நான் இந்த ஏரிக்காரி. தின்னுட்டு இங்கேயே கிடப்பேன். உங்க பொண்ணு மலை தாண்டணுமே. இதையே ஊட்டுனா எப்படி?"

"என் பிள்ளை மெலிஞ்சு சாகுறதை இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாது" என்றான் வரியன்.

நாமக்கோழி தண்ணீரில் இறங்கி நீந்திப் போய்விட்டாள். பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் அதற்கு மேல் என்ன பேசுவது?

தை போய் மாசியும் முடியப்போனது. பூந்தூவி உருண்டு திரண்டிருந்தாள். வரியனுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் மகளின் இறகு நுனிகள் முறிந்து கிடப்பதைச் செங்காலி பார்த்தாள். கரையேறிய பிறகும் அவள் இறகில் ஊறிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்தது. அதைச் சொன்னால் சண்டை வரும் என்று செங்காலியும் பேசாமல் இருந்துவிட்டாள்.

பங்குனி பிறந்தது. பயணத்துக்கு முன்னால் ஒவ்வொரு வாத்தும் ஏரியை மூன்று முறை பறந்து சுற்ற வேண்டும். அது அந்தக் கூட்டத்தின் வழக்கம். எல்லாரும் சுற்றி வந்தார்கள். பூந்தூவி தண்ணீரின்மேல் ஓடினாள், சிறகை அடித்தாள், ஒரு முழ உயரம் எழுந்தாள். அவ்வளவுதான். தொப்பென்று விழுந்தாள். நனைந்த இறகு அடுத்த முறை இன்னும் கனத்தது. நாலாவது முறை விழுந்தபோது அழ ஆரம்பித்துவிட்டாள்.

கூட்டத்தின் தலைவி கழுத்தழகி மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். காற்று திசை மாறிவிட்டால் கூட்டத்தில் ஒருவர்கூட ஊர் போய்ச் சேர முடியாது என்று வருத்தத்தோடு சொன்னாள். கூட்டம் கிளம்பியபோது செங்காலி நகர மறுத்தாள். நம்மில் ஒருத்தராவது ஊர் போய்ச் சேர வேண்டும் என்று வரியன்தான் கெஞ்சி அனுப்பினான். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

சித்திரையில் ஏரி பாதிக்குமேல் வற்றியது. படகு நின்றது, ஆட்கள் வருவதும் நின்றது. வரியன் மகளைப் புல்லுக்கு அழைத்துப்போனான். முகம் சுளித்தவள் பசி பொறுக்காமல் மேய்ந்தாள். மத்தியானங்களில் அவனே பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணெய் எடுக்கவும் இறகு கோதவும் பழக்கினான். ஒரு மாதத்தில் அவள் உடம்பு இளைத்தது, இறகு ஓரளவு தேறியது. ஒருநாள் காலை பூந்தூவி மேலே எழும்பி ஏரியை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"அப்பா, பறந்துட்டேன்!"

வரியன் சிரித்தான். பிறகு வடக்கே பார்த்தான். காற்று எப்போதோ மாறியிருந்தது.

அக்னி வெயில் கொளுத்தியது. அவர்கள் குளிர்தேசத்துப் பறவைகள். வரியன் எப்படியோ தாக்குப்பிடித்தான். மாதக்கணக்கில் உப்பிலும் மாவிலும் கெட்டுப்போயிருந்த பூந்தூவியின் உடம்பால் முடியவில்லை. ஒரு பகலில் கருவேல நிழலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

"நம்ம ஊர்ல இப்ப பனி உருகியிருக்குமாப்பா?" என்று கேட்டாள்.

"உருகியிருக்கும்மா. புல்லு முளைச்சிருக்கும்" என்றான்.

அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. அசையாமல் கிடந்த அவள் அலகைத் தன் அலகால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வரியன் பொழுது சாயும்வரை அங்கேயே நின்றான்.

மறுபடியும் கார்த்திகை வந்தது. கூட்டம் திரும்பியபோது எல்லாருக்கும் முன்னால் இறங்கியவள் செங்காலி. அவள் கண்கள் கரையெல்லாம் மகளைத் தேடின. வரியன் தனியாக நின்றான்.

"நான்தான் காரணம், செங்காலி. ஊட்டி ஊட்டியே நம்ம பிள்ளையைக் கொன்னுட்டேன்."

செங்காலி அவன் கழுத்தோடு கழுத்தைச் சேர்த்துக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "கண்ணால பார்த்தும் வாயைத் திறக்காம இருந்தேனே. நானும்தாங்க."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அழுதார்கள்.

பிள்ளையின் நாக்குக்குப் பிடித்ததை இன்றைக்கே ஊட்டிவிட்டு, நல்ல தீனியையும் உடம்பைப் பேணும் பழக்கத்தையும் நாளைக்கு என்று தள்ளிப்போடும் பாசம், அந்தப் பிள்ளைக்கே எமனாகிவிடும்.