சோழி பல்லைக் கடித்த கதை

அந்தக் காலத்தில் காசுக்கு வாய் இருந்தது. காக்கை பேசியது, நண்டு பேசியது, அதிலெல்லாம் அதிசயமில்லை. ஆனால் காசே சாட்சி சொல்லும் ஒரு நாடு இருக்கிறது என்று மிளகு வியாபாரி சேந்தனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

காற்றில் திசைமாறி அவன் படகு ஒரு தீவில் ஒதுங்கியது. படகில் அவன் மனைவி பூதி காய்ச்சலில் கிடந்தாள். கஞ்சி வைக்க ஒரு பிடி அரிசி இல்லை. சேந்தன் மிளகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு ஓடினான், விற்றான். கை நிறையச் சோழி கொடுத்தார்கள். எல்லாம் உயிருள்ள சோழி. 'பிள்ளைகள் விளையாடுகிற இதுவா இவர்கள் காசு!' என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது.

அரிசிக்காரி கொற்றியிடம் நீட்டினான். அவள் ஒரு சோழியை எடுத்துக் காதருகே வைத்துக்கொண்டாள்.

"எந்த வழியா வந்தேடி?"

"மிளகு வித்த காசு. தண்ணி தெளிச்சு எடையை ஏத்தி வித்தாரு," என்றது சோழி, சந்தைக்கே கேட்கும்படி.

சேந்தனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் கையிலிருந்த காசே தன்னைக் காட்டிக்கொடுக்குமா?

"இதை நான் தொடமாட்டேன் ஐயா. மிளகு வாங்கினவர்கிட்ட நேர் பண்ணிட்டு வாங்க. அரிசி அளந்து வைக்கிறேன்," என்றாள் கொற்றி.

அவள் சொன்னபடி செய்திருக்கலாம். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? அதிலும் எய்தவன் அவனேதான்! ஆனால் அவமானம் யாரை யோசிக்கவிட்டது? ஒரு பனைமரத்தின் பின்னால் போனான். வெற்றிலைப் பையிலிருந்த சுண்ணாம்பை எடுத்து ஒவ்வொரு சோழியின் வாயிலும் அப்பினான். நாக்கு வெந்து அவை போட்ட அலறல் தீவிலிருந்த சோழிக்கெல்லாம் கேட்டது. அவையும் நடுங்கிப் பல்லைக் கடித்துக்கொண்டன.

சேந்தன் திரும்பிவந்தான். "நேர் பண்ணியாச்சு தாயி. இந்தா."

கொற்றி காதில் வைத்துப் பார்த்தாள். சத்தமில்லை. தன் சுருக்குப்பையிலிருந்த சோழிகளையும் எடுத்துக் கேட்டாள். அவையும் பேசவில்லை. அவள் முகம் வெளுத்தது. நெடுநேரம் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எல்லாவற்றையும் பையில் போட்டுச் சுருக்கை இழுத்தாள்.

"அரிசி?" என்றான் சேந்தன்.

"எதுக்கு?"

"காசு குடுத்தேனே!"

"எப்போ குடுத்தீங்க?" பிறந்ததிலிருந்து பொய் சொல்லியறியாத அவள் குரல் நடுங்கியது. "வேணும்னா காசையே கேளுங்க."

சேந்தன் சுற்றிலும் பார்த்தான். சந்தையில் ஒவ்வொருவரும் அவரவர் பையைக் காதருகே குலுக்கிப் பார்த்தார்கள். பிறகு பக்கத்திலிருப்பவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பையை மடியில் இறுகச் செருகிக்கொண்டார்கள். காலையில் அந்தத் தீவில் ஒரு திருடனும் இருக்கவில்லை.

படகுக்கு வெறுங்கையோடு வந்தான்.

"அரிசி கெடச்சுதா?" என்று பூதி முனகினாள். "காசுக்கு என்ன ஆச்சு?"

சேந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

அன்று முதல்தான் சோழி பல்லைக் காட்டிக்கொண்டு வாய் திறக்காமல் கிடக்கிறது. எந்த நாட்டுக் காசும் தான் வந்த வழியைச் சொல்வதில்லை.