ஒரு சிரட்டை அள்ளினா

"ஒரு சிரட்டை அள்ளினா..." என்று அப்பா ஏதோ சொல்வார். தேங்காய்ச் சிரட்டையும் கையுமாக ஊற்றுக் குழிக்குள் குந்தியபடி சொல்வார். மீதி இன்னாசிக்கு நினைவில்லை.

முப்பது வருஷத்துக்கு முந்தைய பேச்சு அது. இடையில் இருபத்திரண்டு வருஷம் வெளிநாட்டில், பாலைவனத்துக்கு அடியில் தண்ணீர் தேடிக் கொடுக்கும் வேலை.

ஊர் திரும்பிய இன்னாசி, மணல்மேட்டுத் தர்காவுக்கு ஒரு புகாரோடு போனான். புகார் தன்மேல்தான்.

"எங்க தெருத் தண்ணியை நான் உப்பாக்கிட்டேன்," என்றான்.

சுலைகா பீவி விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தர்காவுக்கு விளக்கேற்றுகிறவர். இன்னாசியைவிட எட்டு வயது சின்னவர். என்றாலும், மனசு குழம்பினவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அவர் முன்னால்தான் வந்து உட்காருவார்கள்.

"எப்படி?" என்று கேட்டார்.

இன்னாசி விவரமாகச் சொன்னான். மணலில் விழும் மழை கீழே இறங்கும். கீழே கடல் தண்ணீர் நிற்கும். மழைத் தண்ணீர் அதைவிடக் கனம் குறைவு என்பதால் அதன்மேல் ஒரு படுகையாக மிதக்கும். அந்த நல்ல தண்ணீரைத்தான் ஊர் இத்தனை காலமாகக் குழி தோண்டி, சிரட்டையால் அள்ளிக் குடித்துவந்தது. ஒரு குடத்துக்குப் பெண்கள் ஒரு மணி நேரம் காத்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், இன்னாசி முப்பதடிக்குக் குழாய் இறக்கி மோட்டார் வைத்தான். நாலு மாதம் கொட்டியது. ஐந்தாம் மாதம் கரித்தது. மேலே வேகமாக உறிஞ்சினால் கீழிருக்கும் உப்பு ஏறிவரும். சுற்றியிருந்த குழிகளும் இப்போது கரிக்கின்றன. இருபத்தாறு வீட்டுச் சனமும் தண்ணீருக்கு ரெண்டு மைல் நடக்கிறது.

"இதெல்லாம் உங்களுக்கு முன்னாடியே தெரியாதா அண்ணே?"

"தெரியும். அங்க புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு இதைத்தான் பாடமா நடத்தினேன்."

"தெரிஞ்சுமா?"

"எவ்வளவு நேரம் ஓட்டலாம்னு கணக்குச் சரியாத்தான் போட்டேன் தங்கச்சி. மோட்டாரை நிறுத்தத்தான் ஒருத்தருக்கும் மனசு வரலை. எனக்கும்தான்."

ஊரில் யாரும் அவனைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மாள் மட்டும், இன்னாசி தம்பி கடலையே வாசலுக்குக் கொண்டாந்துட்டாரு என்று சிரித்துவிட்டுக் குடத்தோடு நடந்தாள்.

நாளை மறுநாள் துளை போடும் லாரி வருகிறது. இந்த முறை நானூறு அடி. ஆழத்தில் பாறைக்குக் கீழே நல்ல தண்ணீர் இருக்கலாம். இல்லாமலும் போகலாம்; அப்படியானால் ஊரில் இன்னும் கரிக்காமல் மிச்சமிருக்கும் நாலு குழிகளும் போய்விடும். ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டான்.

சுலைகா பீவி எழுந்துபோய் ஒரு குடமும் சிரட்டையும் எடுத்துவந்தார்.

"பின்னாடி ஊத்து இருக்கு. குடம் நிறைஞ்சதும் பேசுவோம்."

இடுப்பளவுக் குழி. அடியில் கையகலத் தண்ணீர். இன்னாசி நாக்கில் வைத்துப் பார்த்தான். இனித்தது. உப்பு இவ்வளவு தூரம் வரவில்லை.

ஒரு சிரட்டை அள்ளினான். குழி வற்றியது. ஊறும்வரை காத்திருந்தான். இன்னொன்று அள்ளினான்.

இருபது சிரட்டைக்குக் கால் மரத்துவிட்டது. குடத்தின் அடி இன்னும் தெரிந்தது. லாரிக்காரன் போனில், வரவா வேண்டாமா என்று கேட்டான். வா என்றான் இன்னாசி.

பிறகு, குழிக்குள் இன்னும் ஒரு முழம் தோண்டினான். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. ஐந்து நிமிஷத்தில் குடம் நிறைந்தது.

சுலைகா பீவி விரலை நனைத்து நாக்கில் வைத்தார். குடத்தை மணலில் கவிழ்த்தார்.

இன்னாசி குழிக்கு ஓடினான். அள்ளி வாயில் விட்டான். கரித்தது.

"இதையும் கெடுத்துட்டேனே."

"கஞ்சி குடிக்க வாங்க அண்ணே."

கஞ்சியும் மாசிக் கருவாட்டுத் துவையலும். ஒரு வாய் இறங்கவில்லை. லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றட்டுமா, வேறு குழி வெட்டித் தரட்டுமா, எந்திரம் ஒன்று இருக்கிறது, உப்பைப் பிரித்துவிடும், வரவழைக்கட்டுமா என்று அடுக்கினான். சுலைகா பீவி நிதானமாகச் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினார். மண்வெட்டியை அவனிடம் கொடுத்தார்.

"நீங்க தோண்டின அளவுக்கு மணலைத் திருப்பித் தள்ளுங்க."

தள்ளினான்.

"அப்புறம்?"

"காலைல வாங்க."

"அதுவரைக்கும் நான் என்ன செய்ய?"

"வீட்டுல கட்டில் இல்லையா?"

விடிந்ததும் வந்தான். குழியின் அடியில் கையகலத் தண்ணீர் நின்றது. தொடப் பயமாக இருந்தது.

"அள்ளுங்க," என்றார் சுலைகா பீவி, மேட்டில் நின்றபடி.

அள்ளிக் குடித்தான். ஒரு கணம் நம்பாமல் நின்றான். மறுபடி உதட்டை நக்கிப் பார்த்தான்.

இனித்தது.

"இந்தக் குழியை இதுவரைக்கும் எத்தனை பேர் உப்பாக்கியிருப்பாங்கன்னு நெனைக்கிறீங்க?"

இன்னாசி நிமிர்ந்து பார்த்தான்.

"நானே ரெண்டு தடவை," என்றார்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு முதல் முறையாகப் பசித்தது.

"எங்க தெரு?"

"அது பெரிய குழி. ஒரு மழைக்காலம் ஆகும். ரெண்டும் ஆகலாம்."

ஒரு சிரட்டை அள்ளிக் குடத்தில் ஊற்றிவிட்டு இன்னாசி குந்தினான். வற்றிய அடியில் மணல் மெல்லக் கறுத்து, ஓரத்தில் ஈரம் மினுங்கியது.

அப்பா நினைவுக்கு வந்தார். அந்தப் பேச்சுக்கு மீதி கிடையாது. ஒரு சிரட்டை அள்ளினா என்பதோடு நிறுத்திவிட்டு, அப்பா குழியையே பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் ஊறிவரும். அடுத்ததை அள்ளுவார்.

குடம் நிறைவதற்குள் வெயில் ஏறிவிட்டது.

இன்னாசி லாரிக்காரனுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றான். மத்தியானம் மோட்டாரைக் கழற்றிக் குழாயின் வாயைச் சிமென்ட் வைத்து அடைத்தான்.