மஞ்சள் கோட்டுக்குள் மாப்பிள்ளை

இந்தக் கதையை நான் இருபது வருடமாக நம்பவில்லை. நம்ப முடியாதது கதையின் குறையா, என் குறையா என்று சில நாள் தூக்கம் கெட்டதும் உண்டு. சொன்னவர் கஜபதி. புங்கந்தோப்பு ஸ்டேஷன் இரண்டாம் நடைமேடையில், பெஞ்சருகே கைக்குட்டை விற்பவர். பெஞ்சில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

கல்யாணத்தன்று காலை, மாப்பிள்ளை கஜபதியும் தாய்மாமன் முனிரத்தினமும் நண்பர் தனகோடியும் இங்கே வந்து நின்றார்கள். மண்டபம் மூன்று ஸ்டேஷன் தள்ளி. "ரயில்லயே வாங்க. மைக்ல சொல்றதைக் கேட்டு அப்படியே நடந்துக்குங்க" என்று பெண்ணின் அப்பா சொல்லியிருந்தார். பத்தரைக்குள் தாலி ஏறாவிட்டால் பெண்ணை அவள் அத்தை மகனுக்குக் கட்டிவைத்துவிடுவேன் என்றும் சொல்லியிருந்தார். அத்தை மகன் பட்டு வேட்டியோடு முன்வரிசையில் தயாராக உட்கார்ந்திருந்தான்.

மைக் சொன்னது: "பயணிகள் யாரும் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது."

ரயில் வந்தது. மூவரும் கோட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். ரயில் போய்விட்டது.

"மத்தவங்கல்லாம் தாண்டி ஏறிட்டாங்களே மாமா?"

"அவங்களுக்கென்னடா, உன் மாமனாரா கேக்கப் போறாரு?"

இப்படி நான்கு ரயில் போயிற்று. மணி ஒன்பதரை. கஜபதிக்கு அழுகை வந்துவிட்டது.

தனகோடி ஆழ்ந்து யோசித்தார். "கோடு முன்னால இருக்கறதாலதானே தாண்ட வேண்டியிருக்கு? பின்னால இருந்தா?"

"தாண்டவே வேணாம்!" என்றார் மாமா. அவர் பெயின்டர். முகூர்த்தத்துக்கும் பையில் பிரஷ்ஷோடு வருகிறவர். தனகோடி ஓடிப்போய் மஞ்சள் பெயின்ட் டப்பா வாங்கி வந்தார். மாமா பெஞ்சுக்குப் பின்னால் ஒரு கோடு இழுத்தார். அரைகுறை வேலை அவருக்குப் பிடிக்காது. இரண்டு பக்கமும் இழுத்துப் பழைய கோட்டோடு சேர்த்து மூடினார்.

"மாமா, இனிமே திரும்பிக்கூடப் போக முடியாதே?"

"நாம போகவேண்டியது முன்னாலதானேடா."

"முன்னால பழைய கோடு அப்படியே இருக்கே மாமா?"

மாமா பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே வெகுநேரம் யோசித்தார். "ஆமா, இருக்கு" என்றார்.

பத்தேகாலுக்குப் பெண் வீட்டார் ரயிலில் வந்து குதித்தார்கள். அத்தை மகனும் வந்தான்.

"ஏன்யா ஏறலே?" என்று மாமனார் கத்தினார்.

"நீங்கதானே மைக் சொல்றதைக் கேக்கச் சொன்னீங்க?"

மாமனார் தலையில் அடித்துக்கொண்டார். "சரி, கோட்டைத் தாண்டி வந்து தாலியைக் கட்டித் தொலைங்க!"

"மைக் இன்னும் வேணாம்னுதாங்க சொல்லுது."

அத்தை மகன் வேட்டியைச் சரிசெய்துகொண்டான். அதைப் பார்த்த மணப்பெண் வேதவல்லி, விறுவிறுவென்று வந்து கோட்டுக்கு வெளியே நின்றபடி கழுத்தை நீட்டினாள். "கால்தானே தாண்டக் கூடாது? கையை நீட்டுங்க!"

கஜபதி எட்டிக் கட்டினார். அந்த நேரம் பார்த்து எக்ஸ்பிரஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதுதான் கெட்டிமேளம்.

போன வாரமும் இதே கதையைச் சொல்லி முடித்தார். நான் வழக்கம்போலச் சந்தேகத்தோடு தலையாட்டினேன். அப்போது ஓர் அம்மாள் வந்து டிபன் கேரியரை நீட்டினார். கஜபதி எட்டி வாங்கினார். "வேதா, மாமாவுக்குக் காரம் கம்மிதானே?" என்றார். பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர்களில் ஒருவர் எழுந்து உட்கார்ந்தார். அவர் கையில் மஞ்சள் படிந்த பிரஷ் இருந்தது.

குனிந்து தரையைப் பார்த்தேன். பெஞ்சைச் சுற்றி நாலு பக்கமும் மஞ்சள் கோடு. பிறகு மெதுவாகக் கேட்டேன்:

"அண்ணே, நீங்க கடைசியா வீட்டுக்கு எப்போ போனீங்க?"