மூன்றாவது தடவை

சுடலைமணி பதினெட்டு வருஷம் சின்ன ஆஸ்பத்திரிகளில் ரத்தம் பார்த்தவர். இந்தப் பெரிய லேபுக்கு மாறி வந்து பத்து நாள்தான் ஆகிறது. லேப் பொறுப்பாளர் நூர்ஜஹான் அவரைவிட ஒன்பது வயது இளையவள். "வயசுல தங்கச்சி, வேலையில வாத்தியார்" என்று வீட்டில் சொல்லிச் சிரித்திருந்தார்.

இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனினை அளக்கிற மிஷின் அவர் பொறுப்பில் இருந்தது. காலையில் நோயாளிகளின் ரத்தத்தைத் தொடுமுன், விடை தெரிந்த மூன்று கன்ட்ரோல் திரவங்களை அதில் வைத்துப் பார்க்க வேண்டும். அதிக அளவு உள்ளது சரியாக வந்தது. நடுத்தரமும் சரி. குறைந்த அளவு மட்டும் வரம்பைத் தாண்டியது. மறுபடி வைத்தார். மறுபடி தாண்டியது. மூன்றாவது தடவை உள்ளே வந்து உட்கார்ந்தது. அதை மட்டும் நோட்டில் எழுதினார்.

அடுத்து செண்பகவல்லியின் ரத்தம். தையல்காரி. விடியற்காலையிலிருந்து தாடையில் வலி, மூச்சு வாங்கல். மாரடைப்பு என்று சொல்கிற எல்லைக்கு ஒரு நூல் கீழே வந்தது விடை.

அவசரப் பிரிவு டாக்டர் விடையைக் கேட்டுப் போனில் கத்தினார்.

"கீழேதானே? வீட்டுக்கு அனுப்பிடட்டுமா? இங்க கட்டில் இல்லய்யா!"

"மேடம் கையெழுத்துப் போட்டதும் சொல்றேன் சார்."

நூர்ஜஹான் நோட்டைப் பார்த்தாள்.

"முதல் தடவையே வந்துச்சா அண்ணே?"

அவருக்குப் பொய் வராது. "சின்னதுதான் கொஞ்சம் அடம் பிடிச்சது. மூணாவது தடவை வழிக்கு வந்துட்டு."

"ஓ."

"பெரியது ரெண்டும் கல்லு மாதிரி நிக்குதே மேடம். பெரிய அட்டாக்குன்னா மிஷின் தப்பாம காட்டிரும்."

"பெரிய அட்டாக்க வாசல்ல நிக்கிற வாட்ச்மேனே கண்டுபிடிச்சிருவாரு. இந்த அம்மாவோட விடை, அடம் பிடிச்ச அந்தச் சின்னது பக்கத்துலல்ல நிக்குது."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் முகத்தில் ஏளனம் இல்லை. செண்பகவல்லியின் குழாயை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இன்னும் ரெண்டு தடவை ஓட்டுங்க."

"டாக்டர் கத்துவாரே?"

"கத்தட்டும். நான் வாங்கிக்கறேன்."

ஓட்டினார். இருபது நிமிஷம் இருவரும் மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் நெற்றி வியர்த்தது. அவள் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

விடை வந்தது. ஒன்று எல்லைக்கு மேலே. இன்னொன்று கீழே.

அதே ரத்தம். அதே குழாய். இப்போது மூன்று விடைகள்.

"மேடம்... மேலன்னா நெஞ்சுல அடி. கீழன்னா வீட்டுக்குப் போகலாம். இதுல எதை எழுதட்டும்?"

நூர்ஜஹான் பேனாவை அவரிடம் நீட்டினாள்.

"காலையில எப்படி எழுதினீங்களோ, அப்படியே எழுதுங்க அண்ணே."

சுடலைமணி பேனாவை வாங்கவில்லை. தானே போனை எடுத்தார்.

"சார், அந்த அம்மாவ அனுப்பிராதீங்க."

"ஏன்? கூடுதலா?"

"தெரியல சார்."

"தெரியலயா? என்னய்யா லேப் நடத்துறீங்க!"

சுடலைமணி நூர்ஜஹானைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஏற்கெனவே மிஷினின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள்.