ஏகாம்பரநாதனும் கண் திறக்காத குட்டியும்

"பெற்ற பிள்ளைகளே நன்றி மறந்தால் மனுஷன் எங்கேதான் போவான், அம்மா?"

ஏகாம்பரநாதன் ஆசிரமத்துக்கு வந்த நாளிலிருந்து இதே கேள்விதான். கேட்டுவிட்டுக் கணக்கும் ஒப்பிப்பார். நாலு பேரையும் படிக்க வைத்தது, பெரியவனுக்குச் சிபாரிசு பிடித்தது, கடைக்குட்டியைக் கட்டிக்கொடுத்தது. ரயில்வேயில் பெரிய அதிகாரியாக இருந்தவர். ஒன்றுகூட விடுபடாது.

ஆசிரமத்தை நடத்தும் தையல்நாயகி அம்மா அவரைவிட வயதில் சிறியவர். அன்று பதிலுக்கு ஒரு பழந்துணிச் சுருட்டை அவர் மடியில் வைத்தார்.

உள்ளே, கண் திறக்காத நாய்க்குட்டி.

"தாயை லாரி அடிச்சிட்டுது. ஒத்தைக் குட்டி. பார்த்துக்கோங்க."

"என் கேள்வி?"

"முதல்ல இது பிழைக்கட்டும்."

ஏகாம்பரநாதனுக்குச் சந்தோஷம்தான். பிள்ளைகள் போனால் போகட்டும், நாயாவது நன்றியுள்ள ஜீவன்.

எப்படி வளர்ப்பது என்று ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டால் அதிகாரி என்ன ஆவது? பூஜைக்கு வந்த பசும்பாலை எடுத்தார். மடியில் குட்டியை மல்லாத்தினார். பாலாடையால் புகட்டினார். ஊரில் இருக்கும் மனைவி செண்பகம் அந்த நாளில் பிள்ளைகளுக்கு அப்படித்தான் புகட்டுவாள். வாசல் கதவிலிருந்து பார்த்திருக்கிறார்.

மறுநாள் காலையில் ஓடிவந்தார்.

"அம்மா, வயிறு மத்தளமாட்டம் உப்பிடுச்சு. முனகுது. விபூதி பூசினேன். ஜபம்கூடப் பண்ணினேன்."

"ஜபத்துக்கு வயிறு இளகுமா? வெளிக்குப் போச்சா?"

"கவனிக்கலையே."

"பால் கொடுக்கத் தெரிஞ்சுது. இது தெரியலையாக்கும்."

அம்மா குட்டியைத் தொட்டுப் பார்த்தார். சில்லிட்டிருந்தது.

"பசும்பால் இதுக்கு ஒத்துக்காது. மல்லாத்திப் புகட்டினா புரையேறிச் சாகும். குளிர்ந்துபோன உடம்புக்குச் செரிக்கவும் செரிக்காது. கால்நடை டாக்டர்கிட்டக் குட்டிகளுக்கான பால்பவுடர் கேட்டிருக்கேன், வந்துடும். இப்ப நெஞ்சோட வச்சுச் சூடு பண்ணுங்க. அப்புறம் வெந்நீரில் பஞ்சை நனைச்சுப் பிழிஞ்சு, வாலுக்குக் கீழே மெதுவாத் தடவுங்க."

"எங்கே?"

"வாலுக்குக் கீழே."

"தானாப் போகாதா?"

"போகாது. தாய் நக்கிவிட்டாத்தான் போகும். பிறந்த குட்டி அப்படித்தான்."

"நான் குளிச்சுப் பூஜை முடிச்சவன், அம்மா."

"நாலு பிள்ளைக்கும் கால் கழுவிவிட்டது யாரு?"

"செண்பகம்தான். வேற யாரு? எனக்கு ஆபீஸ் இருந்ததே."

அம்மா பஞ்சை அவர் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

ஏகாம்பரநாதன் மேல்துண்டுக்குள் குட்டியை அணைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தார். உடம்பு வெதுவெதுப்பானதும், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தடவினார். ஒன்றும் வரவில்லை.

திருப்பிக்கொண்டால் எங்கே தடவுகிறோம் என்று எப்படித் தெரியும்? திரும்பிப் பார்த்துத் தடவினார்.

வரவில்லை. குட்டியின் முனகலும் நின்றுபோனது.

"டேய். டேய், இருடா." பஞ்சை மறுபடி நனைத்தார். தடவினார். தியானமணி அடித்தது. எழுந்திருக்கவில்லை. சோற்று மணி அடித்தது. அதுவும் காதில் விழவில்லை.

முதலில் இரண்டு சொட்டு மூத்திரம். பிறகு குட்டி முதுகை வளைத்து முக்கியது. அவரும் சேர்ந்து முக்கினார். மஞ்சளாக, வெதுவெதுவென்று, அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"கக்கா போயிட்டான் அம்மா! கக்கா போயிட்டான்!"

பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். ரயில்வே அதிகாரியின் கண்ணிலிருந்து தாரைதாரையாக நீர் வழிந்தது.

வயிறு மெல்லத் தளர்ந்தது. குட்டி அவர் கட்டைவிரலைத் தேடி வாயால் முட்டியது.

"நீ எனக்குப் பெரிய உபகாரம் பண்ணினேடா, ராஜா" என்றார். "ரொம்பப் பெரிய உபகாரம்."

அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தார். பவுடர் பாலை ஆற்றிக் கொண்டுவந்திருந்தார்.

ஏகாம்பரநாதன் நிமிர்ந்தார். ஒரு கையில் குட்டி, ஒரு கையில் அந்த மஞ்சள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாலு பேருக்கும்..." என்றார். "ராத்திரி பகல் பார்க்காம..."

அம்மா பால் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அம்மா, ஒரு போன் பண்ணணும்."

"பெரியவனுக்கா?"

"செண்பகத்துக்கு."

"முதல்ல கையைக் கழுவுங்க, ஐயா" என்றார் அம்மா.