பதினேழு அடி மனிதர்

உப்பளத்தை ஒட்டிய செபவீட்டில் சிஸ்டர் வலேரியாவிடம் யாராவது எதையாவது கேட்க வேண்டும் என்றால், கையில் ஒரு வேலையை எடுத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். அது அங்கே வழக்கம். அந்தச் சனிக்கிழமை ஜெசிந்தாவுக்குக் கிடைத்தது சின்ன வெங்காயம்.

இருவரும் ஒரே வயது. கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் ஒரே பெஞ்சு. பிறகு ஒருத்தி மடத்துக்குப் போனாள்; மற்றவள் கப்பல்காரரைக் கட்டிக்கொண்டாள். மௌனமாக உட்காரக் கற்றுக்கொள்ள இரண்டு வருஷமாக ஜெசிந்தா இங்கே வருகிறாள். சிஸ்டரைக் குருவாக ஏற்றுக்கொண்ட பிறகு பழைய பெஞ்சு உறவில் பேசக் கூடாது என்று அவளாகவே ஒரு விதி வைத்துக்கொண்டு "சிஸ்டர், நீங்க" என்பாள். சிஸ்டருக்கு அப்படி விதி எதுவும் கிடையாது.

"ஏட்டி, அரை மணி நேரமா ஒரே வெங்காயத்த உரிச்சிட்டிருக்க. இனி உரிச்சா உன் விரல்தான். கேளு."

"ஒரு கிளப்ல சேரலாமான்னு கேக்க வந்தேன், சிஸ்டர்."

"என்ன கிளப்பு? சீட்டு விளையாட்டா?"

"இல்ல. கப்பல், ரயில், பாலம்னு அளவு குறைச்சு அச்சு அசலா செய்றவங்க. பழைய துறைமுகம் பக்கம், லைப்ரரி மாடியில கூடுறாங்க. ஞாயித்துக்கிழமை சாயந்தரம். எட்டுப் பேரு."

"போய்ப் பார்த்தியா?"

"மூணு தடவ. மாடிப்படி வரைக்கும்."

மூன்று ஞாயிறும் அவள் கடைசிப் படிக்கு முந்தின படியில் கையில் காய்கறிப் பையோடு நின்றிருக்கிறாள். கதவு பாதி திறந்திருக்கும். உள்ளே நீண்ட மேசை. தலைகள் குனிந்திருக்கும். யாரும் பேசமாட்டார்கள். எப்போதாவது ஒரு குரல், "இந்தப் புகைபோக்கிக்கு என்ன போட்டீங்க?" என்று கேட்கும். இன்னொரு குரல், "கேஸ் லைட்டர் குழாய்" என்னும். மறுபடி அமைதி. அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியைத் தன்னிடம் யாராவது கேட்கமாட்டார்களா என்று ஜெசிந்தாவின் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பதில் அவளிடம் தயாராக இருந்தது. ரெண்டு வருஷமாக இருந்தது.

அவள் செய்திருந்தது ஒரு சரக்குக் கப்பல். கணவர் கில்டஸ் வேலை பார்க்கும் கப்பல். அவர் அனுப்பும் போட்டோக்களைப் பார்த்துப் பார்த்து, மகள் செரின் தூங்கும் மதியங்களில் செய்தது. அசலில் முந்நூற்றைம்பதில் ஒரு பங்கு. ஐம்பத்து நாலு சென்டிமீட்டர் நீளம். உடம்பு ஐஸ் குச்சி. குழாய்கள் பேனா ரீஃபில். கைப்பிடிக் கம்பிகள் ஊசியும் தையல் நூலும். சரக்கு அறையின் மூடிகள் மாத்திரை அட்டையின் தகடு. சிவப்பு முழுக்க அவளுடைய கல்யாணத்துக்கு வாங்கிய நகப்பூச்சு.

"பிறகு ஏன் படியிலேயே நிக்க?"

"அங்க ஒரு வழக்கம் இருக்கு. புதுசா வாறவங்க ஒரு பொருள் கொண்டுபோய் மேசையில வைக்கணும். எட்டுப் பேரும் எடுத்துப் பார்ப்பாங்க. ஆளுக்கு ஒரு குறை சொல்வாங்க. வச்சவங்க பதில் பேசக் கூடாது. கேட்டுட்டு எடுத்துட்டுப் போய், திருத்தி, அடுத்த வாரம் கொண்டுவரணும். அப்பதான் ஆளு."

"மடத்துல புதுசா சேர்றவங்களுக்கு வைக்கிற எங்க நோவிஷியேட்டே தேவலாம் போல."

ஜெசிந்தா சிரிக்கவில்லை.

"குறைக்குப் பயமா?"

"என் கப்பல்ல குறை இல்ல சிஸ்டர். ஒண்ணே ஒண்ணுதான். அது எனக்கே தெரியும்."

"என்னது?"

"அவரு."

சிஸ்டரின் கத்தி நின்றது.

"கப்பல்மேல அவரைச் செஞ்சு நிறுத்தியிருக்கேன். ஆரஞ்சு உடுப்போட. ஒன்றரை சென்டிமீட்டர். அந்த அளவுக்குக் கணக்குப் பார்த்தா அவரு பதினேழு அடி உசரம் வரும்."

"பதினேழு அடியா? உன் கல்யாணத்துல பார்த்தப்ப அப்படித் தெரியலியே."

"விளையாடாதீங்க. சரியா செஞ்சா அஞ்சு மில்லிமீட்டர்தான். ஒரு அரிசிகூடக் கிடையாது. அதுல மீசை எங்க வைக்கிறது, கண்ணு எங்க வைக்கிறது? முகமே இருக்காது. அந்த கிளப்புக்கு மச்சாதுன்னு ஒருத்தர்தான் செக்ரட்டரி. இழுவைப் படகு ஓட்டி ரிட்டயர் ஆனவர். போன்ல கேட்டேன். 'எதுல வேணாலும் செய்ங்கம்மா, குப்பையிலகூடச் செய்ங்க. ஆனா ஒரு பொருள்ல ரெண்டு அளவு கூடாது'ன்னுட்டாரு. எட்டுப் பேரும் அந்த ஒரே குறையத்தான் சொல்லப் போறாங்க. எட்டுத் தடவ. அவரை எடுன்னு."

சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"உன் பையில ஸ்கேல் இருக்குமே."

இருந்தது. அது இல்லாமல் அவள் எங்கேயும் போவதில்லை.

"வா."

செபவீட்டின் பின்வாசலிலிருந்து உப்பளத்துக்குள் நேராக ஒரு வரப்பு போகிறது. இரண்டு பக்கமும் பாத்திகளில் வெயில் தகதகத்தது. தூரத்தில் ஐந்தாறு பெண்கள் கூடையில் உப்புச் சுமந்து அம்பாரத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கையை நேரா நீட்டி ஸ்கேலைக் கண்ணுக்கு எதிரா பிடி. நான் நடக்கேன். அஞ்சு மில்லிமீட்டர் ஆனதும் முந்தானைய ஆட்டு."

சிஸ்டர் நடந்தார்.

ஐம்பது மில்லிமீட்டர். நாற்பது. முப்பது. ஜெசிந்தா ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளந்தாள். பதினைந்து வந்தபோது அவளுக்கு முந்தானையை ஆட்டிவிடலாம் போலிருந்தது. போதும், அங்கேயே நில்லுங்கள் என்று கத்தலாம் போலிருந்தது. கில்டஸ் துறைமுக வாசலில் திரும்பி நின்று கையசைத்ததும் ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான். அதற்குமேல் உள்ளே விடமாட்டார்கள்.

பத்து. ஏழு. ஐந்து.

முந்தானையை ஆட்டினாள்.

அந்த ஐந்து மில்லிமீட்டர் அதைப் பார்த்தது. பார்த்துவிட்டு, நிற்காமல் உப்புப் பெண்களிடம் போனது. அங்கே ஏதோ பேச்சு. காற்றில் ஒரு சிரிப்பு மட்டும் வந்தது. அந்தப் பெண்கள் எல்லாரும் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிஸ்டரும் யாருடைய சட்டையையோ போட்டு, துண்டைக் கட்டி, ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டார். வரிசையாக நடந்தார்கள். கொட்டினார்கள். திரும்பினார்கள். எல்லாரும் ஒரே அளவு. ஒருவருக்கும் முகம் இல்லை.

ஜெசிந்தா ஸ்கேலைத் தாழ்த்தி வெகுநேரம் ஆகியிருந்தது. அவள் கண் ஒரே ஒரு புள்ளியோடு போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்த சிஸ்டரின் நெற்றியில் உப்பு பூத்திருந்தது.

"முத்துக்கனியக்கா கேக்காங்க, 'சிஸ்டர், இது கூலிக்கா, வேண்டுதலுக்கா'ன்னு." மூச்சு வாங்கினார். "சரி, சொல்லு. அதுல நான் எது?"

"போகும்போது நாலாவது. வரும்போது கடைசி. ரெண்டாவது நடையில பாதிக் கூடையக் கீழ சிந்தினீங்க."

"முகம் தெரிஞ்சுதா?"

"இல்ல."

"பிறகு எப்படி?"

"வலது கால ஒரு உதறு உதறிட்டுத்தான் அடுத்த அடி வைப்ப. எட்டாங்கிளாஸ் அசெம்பிளியில இருந்தே அப்படித்தான. பன்னெண்டு வருஷம் பக்கத்துல உட்கார்ந்தவளுக்குத் தெரியாதா உன்ன?"

'நீ' என்று சொல்லிவிட்டதை அவள் கவனிக்கவில்லை. சிஸ்டர் கவனித்தார்.

இருவரும் வரப்பிலேயே உட்கார்ந்தார்கள்.

"எனக்குத் தெரியும், சிஸ்டர்," என்றாள் ஜெசிந்தா. "அஞ்சு மில்லிமீட்டர்ல நிறுத்தினாலும் எனக்கு அவரத் தெரியும். செரினுக்குத் தெரியாது. அவ பிறந்து மூணு வருஷத்துல அவரு வீட்டுல இருந்தது ஆறு மாசம். தினம் பல் தேய்ச்சதும் போய் கப்பல்ல நிக்கிற அந்த ஒன்றரை சென்டிமீட்டர் மரத்துண்டுக்குத்தான் முத்தம் குடுக்கா. மீசையே பாதி அழிஞ்சிருச்சு. அதப் போய் எடுன்னா?"

"எடுக்காத. பொம்மை பிள்ளைகிட்ட இருக்கட்டும். கப்பல் மட்டும் போகட்டும்."

"ஆள் இல்லாமலா?"

"சின்ன ஆளோட."

ஜெசிந்தா ஸ்கேல் முனையால் வரப்பு மண்ணைக் கீறினாள்.

"செய்யத் தெரியாதா?"

"தெரியும்."

"செஞ்சு பார்த்தியா?"

"ஒரு தடவ."

உப்புப் பெண்கள் மறுபடி வரிசையாகப் போனார்கள்.

"ஒரு நாள் போன்ல சொன்னாரு, இன்னைக்குக் கிரேன்ல ஏறி மேல வரைக்கும் கிரீஸ் போட்டேன்னு. கத்திரிக்கா வாங்கினேன்னு சொல்ற மாதிரி சொன்னாரு. என் கப்பல்லயும் அந்தக் கிரேன் இருக்கு. ஏணியும் இருக்கு. சரி, அஞ்சு மில்லிமீட்டர்ல ஒரு ஆளைச் செஞ்சு, அந்த ஏணியில பாதி உசரத்துல ஒட்டினேன். ஒட்டிட்டுக் கைய எடுத்தேன்."

"ம்."

"கப்பல் பெருசாயிருச்சு, சிஸ்டர்."

அவள் குரல் இறங்கியது.

"நான் செஞ்ச கப்பல். என் மடியில கிடந்த கப்பல். ஆளைச் சரியான அளவுல வச்ச உடனே அது எம்மாம் பெருசுன்னு தெரிஞ்சு போச்சு. அந்த ஏணி ஆறு மாடி உசரம். அவரு பாதியில தொங்கிட்டு நிக்காரு. கீழ ஐஸ் குச்சிதான், நான்தான் ஒட்டினேன், எனக்குத் தெரியும். ஆனா கீழ இரும்பாத் தெரிஞ்சுது. அதுக்கும் கீழ தண்ணி. நான் தண்ணியே செய்யல, சிஸ்டர். அது வெறும் சாப்பாட்டு மேசை. உடனே நகத்தால பிச்சு எடுத்துட்டேன். கை நடுங்கி ஏணியில ரெண்டு படி உடைஞ்சு போச்சு."

"பிறகு?"

"பெரியவரையே நிறுத்திட்டேன். அவரு நின்னா கப்பல் படகு மாதிரி ஆயிரும். கடல் குளம் மாதிரி ஆயிரும். பதினேழு அடி மனுஷன் ஒரு எட்டு எடுத்து வச்சா கரைக்கே வந்துருவாரு. அப்பதான் எனக்குச் சோறு இறங்குது."

சிஸ்டர் காலில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டார்.

"எப்ப வாறாரு?"

"இன்னும் அஞ்சு மாசம்."

"நேத்து பேசினாரா?"

"பேசினாரு. நாளைக்கு மழை இல்லேன்னா மறுபடி கிரேனாம்."

காற்று திரும்பியது. பாத்தியில் தண்ணீர் ஓரத்துக்கு ஒதுங்கியது.

"அந்த மேசை எனக்கு வேணும், சிஸ்டர்," என்றாள் ஜெசிந்தா. "ரொம்ப வேணும். படியில நிக்கும்போது உள்ள இருந்து பசை வாசம் வருதில்ல, அதுக்கே எனக்கு அழுகை வருது. வீட்டுல அந்த வாசம் வந்தா அத்தை ஜன்னலத் திறந்து விட்டுருவாங்க. ஆனா போனா அந்த ஒரு ஆளை மாத்தணும். இல்லேன்னா திரும்பி வரணும். நாளைக்கு ஞாயிறு. போகவா, வேண்டாமா? நீங்களே சொல்லிருங்க."

"போ."

"எதோட?"

"கப்பலோட. உடைஞ்ச ஏணியோட."

"ஆளு?"

"ஆள் இல்லாம."

"ஆள் எங்கம்மான்னு கேப்பாங்களே. எட்டுப் பேரும் கேப்பாங்க. பதில் பேசக் கூடாதுன்னு வழக்கம் வேற. என்னத்தச் சொல்ல?"

"வழக்கத்த மீறிச் சொல்லு. 'என் வீட்டுக்காரர அந்த ஏணியில சரியான அளவுல ஏத்தணும், தனியா செஞ்சா எனக்குக் கை நடுங்குது, நான் ஏத்தி முடிக்கிற வரைக்கும் யாராவது பக்கத்துல உட்காருங்க'ன்னு சொல்லு."